1,500 ரூபாய் முன்பணத்துக்கு வண்டி இன்சூரன்ஸ் கிடைக்குமா? அவசரம் (திருப்பூர்)

பவர்டேபிள்காரன் | 14 ஆகஸ்ட் 2024, இரவு 10.52
எல்லோருக்கும் வணக்கமுங்க. வண்டிக்கு இன்சூரன்ஸ் முடிந்துவிட்டது. ஒரு கம்பெனியில் இது ரிஸ்க் வண்டி, எடுக்க முடியாது என்கிறார்கள். இன்னொரு கம்பெனி 13,600 கேட்கிறது. சனிக்கிழமை டெய்லர்களுக்குச் சம்பளம் போட வேண்டும், கையில் அவ்வளவு இல்லை. வாட்ஸாப்பில் ஒரு ஏஜெண்ட் 1,500 முன்பணம் அனுப்பினால் இன்றைக்கே பாலிசி, மீதியை மாதாமாதம் கட்டலாம் என்கிறார். நம்பலாமுங்களா? வெள்ளிக்கிழமை காலையில் ஈரோடு போயே ஆக வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்க.

மஞ்சமண்டி | இரவு 11.05
என்ன வண்டி? சொந்த போர்டா, வாடகைக்கு ஓட்டுகிற டி போர்டா? எப்போது முடிந்தது? லோன் இருக்கிறதா?

சென்னிமலை_பெட்ஷீட் | இரவு 11.09
எனக்குத் தெரிந்து இது கேஸ் கிட் விவகாரம்தான். வெளியில் கிட் மாட்டிவிட்டு ஆர்சி புத்தகத்தில் ஏற்றாமல் விட்டிருப்பீர்கள். என் பங்காளி வண்டிக்கும் இதேதான் நடந்தது. முதலில் ஆர்டிஓ ஆபீஸ் போய் அதை ஏற்றிவிட்டு வாருங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

ஆர்சி_புக் | இரவு 11.20
இந்தக் கேள்வியை மாதம் நாலு பேர் கேட்கிறார்கள், மேலே தேடிப் பார்க்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. வண்டியின் பெயரைக் கூடச் சொல்லாமல் இன்சூரன்ஸ் கேட்டால், ஜோசியரிடம்தான் போக வேண்டும். ஒரே வரியில் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 1938ஆம் ஆண்டின் இன்சூரன்ஸ் சட்டம், பிரிவு 64விபி. பிரீமியம் கைக்கு வராமல் கம்பெனி ரிஸ்க்கை ஏற்கக் கூடாது. முடிந்தது கதை.

ஆஸ்டின்_கவுண்டம்பாளையம் | இரவு 11.41
ஏனுங்க, இங்கே அமெரிக்காவில் மாதத் தவணைதானே எல்லோரும் கட்டுகிறோம். குடித்துவிட்டு ஓட்டி மாட்டியவனுக்கும் இன்சூரன்ஸ் கிடைக்கும். கம்பெனி எஸ்ஆர்-22 என்று ஒரு சான்றை மாநில அரசுக்கு அனுப்பும், பிரீமியம் கூடும், அவ்வளவுதான். ‘ஜீரோ டவுன்’, அதாவது முன்பணமே வேண்டாம் என்று விளம்பரமே போடுகிறார்கள். போனில் விசாரித்தால் முதல் மாதப் பணத்தை மட்டும் முன்னால் கட்டச் சொல்வார்கள். ஜீரோ என்றால் ஜீரோ இல்லை, அது வேறு விஷயம். நம் ஊரில் ஏன் இப்படி வைக்கக் கூடாது?

ஆர்சி_புக் | இரவு 11.46
திருப்பூரில் வண்டி ஓட்டுகிறவருக்கு டெக்சாஸ் சட்டம் எதற்குங்க?

ஆஸ்டின்_கவுண்டம்பாளையம் | இரவு 11.48
சும்மா ஒரு தகவலுக்குச் சொன்னேனுங்க. கோபம் வேண்டாம்.

பவர்டேபிள்காரன் | 15 ஆகஸ்ட், காலை 6.31
மன்னிக்கோணும், அவசரத்தில் எழுதிவிட்டேன். வண்டி மாருதி ஈகோ, 2016 மாடல், பெட்ரோல், 7 சீட்டு, சொந்த போர்டு, டிஎன் 39. கிட் எதுவும் இல்லை. லோன் அடைத்தாயிற்று. பாலிசி மார்ச் 9ஆம் தேதி முடிந்தது. போன வருடம் இரண்டு கிளெய்ம் போட்டேன். ஒன்று பம்பர், கிடைத்தது. இன்னொன்று தள்ளுபடி.

சென்னிமலை_பெட்ஷீட் | காலை 6.40
கிட் இல்லையென்று நிச்சயமாகத் தெரியுமா? பழைய ஓனர் மாட்டிக் கழற்றியிருந்தால்?

பவர்டேபிள்காரன் | காலை 6.44
நான்தானுங்க முதல் ஓனர்.

மஞ்சமண்டி | காலை 7.02
மார்ச்சில் முடிந்ததா! ஐந்து மாதமாக இன்சூரன்ஸ் இல்லாமலா ஓட்டினீர்கள்? முடிந்து 90 நாள் தாண்டினால் கிளெய்ம் போடாத வருடங்களுக்குத் தருகிற தள்ளுபடி, அதுதான் என்சிபி, அதுவும் போய்விடும். 13,600 கேட்பதற்கு அதுதான் காரணம்.

சர்வேயர்_ஓய்வு | காலை 7.25
மஞ்சமண்டி சொல்கிற 90 நாள் கணக்கு சரி. ஆனால் இவருக்கு அது பொருந்தாது. கிளெய்ம் வாங்கிய அன்றே என்சிபி பூஜ்யம். இழக்கவே ஒன்றும் மிச்சமில்லை.

தம்பி, அந்த இரண்டாவது கிளெய்ம் ஏன் தள்ளுபடி ஆனது? அதைச் சொல்லாமல் மற்றதையெல்லாம் சொல்கிறீர்கள்.

பவர்டேபிள்காரன் | காலை 7.58
பழனி போய்த் திரும்பும்போது தாராபுரம் தாண்டி ஒரு ஆடு குறுக்கே வந்தது. ஒடித்ததில் வண்டி புளியமரத்தில் உரசி, இடதுபக்கக் கதவு இரண்டும் உள்ளே போய்விட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்சூரன்ஸிலிருந்து விசாரிக்க வந்தவர் என் தையல் கம்பெனி ஆட்களைக் கேட்டுவிட்டு, எங்கள் வீதிப் பாட்டியிடமும் கேட்டார். பாட்டி வெள்ளந்தியாக, “ஆளுக்கு 350 ரூபாய்தான் சாமி வாங்கினான், பஸ்ஸை விடச் சல்லிசு” என்று சொல்லிவிட்டது. அதோடு முடிந்தது. சொந்த போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டியதாக எழுதிவிட்டார்கள். சத்தியமாக அது பெட்ரோல் காசுதானுங்க.

மஞ்சபோர்டு_பொள்ளாச்சி | காலை 8.10
இதுதான் எனக்கு வயிறு எரிகிறது. பெட்ரோல் காசாம்! உங்களைத் தவிர ஆறு பேரிடம் 350 என்றால் 2,100. பழனிக்குப் போய்வர அவ்வளவு பெட்ரோலா குடிக்கிறது ஈகோ? என் டாக்ஸிக்கு மூன்றாம் தரப்புக்கு, அதாவது நம் வண்டியால் அடிபடும் அடுத்தவருக்கான காப்புக்கு மட்டும் 7,940, அதற்கு மேல் ஒரு பயணிக்கு 978 வீதம் நாலு பேருக்கு. ஜிஎஸ்டி சேர்த்தால் 14,000 பக்கம். எஃப்சி, பர்மிட், வரி எல்லாம் தனி. நீங்கள் வெள்ளை போர்டை வைத்துக்கொண்டு முகூர்த்த நாளில் எங்கள் சவாரியைத் தட்டிக்கொண்டு போகிறீர்கள்.

மஞ்சமண்டி | காலை 8.22
அதற்காக அக்கம்பக்கத்தினர் சேர்ந்து கோயிலுக்குப் போனால் செலவைப் பிரித்துக்கொள்ளக் கூடாதா? நாங்கள் மண்டியிலிருந்து பத்துப் பேர் போனாலும் பங்கு போட்டுத்தான் டீசல் அடிப்போம்.

மஞ்சபோர்டு_பொள்ளாச்சி | காலை 8.26
பங்கு போடுவது வேறு, தலைக்கு இவ்வளவு என்று ரேட் வைப்பது வேறு. பஸ்ஸை விடச் சல்லிசு என்று பாட்டி சொன்னதே, பஸ்ஸோடு ஒப்பிட்டால் அது டிக்கெட்டுங்க.

ஆர்சி_புக் | காலை 8.40
பாலிசிப் பத்திரத்தில் ‘பயன்பாட்டு வரம்பு’ என்று ஒரு பத்தி இருக்கிறது. யாராவது வாழ்நாளில் ஒருமுறை படித்திருக்கிறீர்களா? கேட்டுவைத்தேன்.

சர்வேயர்_ஓய்வு | காலை 9.15
சண்டையைச் சித்தே அக்கட்டால் வையுங்கள். நாளைக்கு வண்டி கிளம்ப வேண்டும்.

முதலில் அந்த ஏஜெண்ட். ஆர்சி_புக் சொன்ன பிரிவு சரிதான், சொன்ன விதம் எப்படியோ இருக்கட்டும். 1,500 கட்டி மீதியை மாதாமாதம் என்று எந்தக் கம்பெனியும் உங்களுக்கு மோட்டார் பாலிசி தராது. அவர் தன் கைக்காசைப் போட்டு முழுப் பணத்தையும் கட்டுகிறார் என்றால் அது உங்களுக்கும் அவருக்கும் இடையிலான கடன். இல்லையென்றால் அவர் அனுப்பப்போவது வெறும் பிடிஎஃப். நான் வேலையில் இருந்தபோது இப்படிப்பட்ட தாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன். லோகோ, முத்திரை, கையெழுத்து எல்லாம் சுத்தமாக இருக்கும், பாலிசி எண்ணைக் கம்பெனியில் போட்டால் அது யாரோ ஒருவருடைய ஸ்கூட்டராக இருக்கும். காசு போவது சின்ன விஷயம். இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நம்பி ரோட்டில் இறங்குவீர்களே, அதுதான் ஆபத்து.

அடுத்தது, ‘ரிஸ்க் வண்டி, முடியாது’ என்றது. அது வண்டியின் சொந்தச் சேதத்துக்கான காப்பு. அதைத் தருவதும் மறுப்பதும் கம்பெனியின் விருப்பம். மூன்றாம் தரப்புக் காப்பு, நீங்கள் டிபி என்பீர்களே, அது சட்டப்படி எல்லா வண்டிக்கும் கட்டாயம். கிளெய்ம் போட்டவர் என்பதற்காக அதன் விலை கூடாது, கதவு நசுங்கியிருந்தாலும் கூடாது. 2022 ஜூன் முதல் உள்ள விகிதப்படி 1,000 முதல் 1,500 சிசி வரை சொந்த காருக்கு ஆண்டுக்கு 3,416. ஈகோ அதில்தான் வரும். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 4,031. ஓட்டுகிற உரிமையாளருக்கு 15 லட்சம் விபத்துக் காப்பு வேறு எங்கும் இல்லையென்றால் இன்னும் சில நூறு. 13,600 ரூபாயை இப்படி உடைத்துப் பாருங்கள்.

டிபி மட்டும் எடுக்க வண்டி ஆய்வு தேவையில்லை. ஆனால் இடைவெளி விழுந்த வண்டிக்குச் சில இடங்களில் ஆன்லைனில் பணம் கட்டியவுடன் பாலிசி தொடங்காது, இரண்டு மூன்று நாள் தள்ளித் தொடங்கும். தொடங்கும் தேதியையும் நேரத்தையும் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். இன்று சுதந்திர தினம், கிளை பூட்டியிருக்கும். நாளைக் காலை முதல் ஆளாக நேரில் போவது நல்லது.

சொந்தச் சேதத்தைக் கையில் காசு வந்தபின் தனியாக எடுக்கலாம். 2019 செப்டம்பரிலிருந்து அப்படிப் பிரித்து வாங்க வழி இருக்கிறது. அதற்கு ஆய்வு உண்டு. எங்கள் காலத்தில் சேசிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்போம், விரலெல்லாம் கரியாகும். இப்போது போனில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். அந்தக் கதவுகளைச் சரி செய்யாமல் வீடியோ எடுக்காதீர்கள், பழைய சேதம் என்று குறித்துவிடுவார்கள். சிறு சேதத்தில் 5,000 வரை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொண்டால் அந்தப் பிரீமியமும் குறையும்.

மஞ்சமண்டி | காலை 9.34
கிரெடிட் கார்டு இருந்தால் முழுத்தொகையையும் கட்டி இஎம்ஐ ஆக மாற்றிக்கொள்ளலாமே? கம்பெனிக்கு முழுப்பணம் போய்விடும், தவணை பேங்க்கோடு.

சர்வேயர்_ஓய்வு | காலை 9.38
தாராளமாக. வட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். செக் மட்டும் கொடுக்காதீர்கள், திரும்பினால் பாலிசியை ரத்து செய்துவிடுவார்கள்.

சென்னிமலை_பெட்ஷீட் | காலை 10.02
டிபி மட்டும் போட்டால் போலீஸ் பிடிக்குமா? செங்கப்பள்ளிப் பக்கம் நிற்பார்கள்.

ஆர்சி_புக் | காலை 10.11
டிபி இருந்தால் சட்டம் கேட்பது இருக்கிறது என்று அர்த்தம். இல்லாமல் போனால் முதல் முறை 2,000 அபராதம், அடுத்த முறை 4,000. சிறைக்கும் இடம் இருக்கிறது. இதுவும் பழைய கேள்விகளில் ஏற்கனவே எழுதியிருக்கிறேன்.

மஞ்சமண்டி | காலை 10.30
அபராதத்தை விடுங்கள். கோபிப் பக்கம் எங்கள் பெரியப்பா ஒருவர் இன்சூரன்ஸ் இல்லாமல் ஜீப்பை எடுத்தார். ஒரு டிவிஎஸ் மொபெட்காரர் விழுந்து கால் போய்விட்டது. நஷ்டஈடு முழுவதும் பெரியப்பா தலையில். வாய்க்கால் பாசன மஞ்சக்காடு ஒன்றரை ஏக்கர் போயிற்று. இப்போது அந்தக் காட்டைக் கடந்து போகும்போது பஸ்ஸில் மறுபக்கம்தான் உட்காருவார்.

மஞ்சபோர்டு_பொள்ளாச்சி | காலை 10.44
டிபி போட்டுவிட்டு மறுபடி ஆளுக்கு 350 வாங்கினால்?

சர்வேயர்_ஓய்வு | காலை 10.52
அடிபட்டவருக்குக் கம்பெனியைக் கட்டச் சொல்லிவிட்டு, அந்தப் பணத்தை இவரிடம் வசூலித்துக்கொள்ளச் சொல்லி உத்தரவு வரலாம். வாடகைக்கு ஓட்டுவதென்றால் டி போர்டாக மாற்றிவிடுங்கள் தம்பி. டெய்லர்களைக் காசு வாங்காமல் கூட்டி வருவது வேறு.

ஆஸ்டின்_கவுண்டம்பாளையம் | காலை 11.15
என்ன ஆச்சுங்க பவர்டேபிள்? அந்த ஏஜெண்டுக்கு அனுப்பிவிட்டீர்களா?

பவர்டேபிள்காரன் | 16 ஆகஸ்ட், பகல் 12.20
டிபி போட்டாச்சுங்க, கிளையில் நேரிலேயே. நாலாயிரத்துச் சொச்சம், மச்சினன் கொடுத்தான். மதியத்திலிருந்து பாலிசி. ஏஜெண்டிடம் பாலிசி எண்ணை முதலில் அனுப்புங்க, கம்பெனியில் கேட்டுவிட்டுப் பணம் போடுகிறேன் என்றேன். அதற்கப்புறம் ப்ளூ டிக் விழுந்தது, பதில் இல்லை. எல்லோருக்கும் நன்றி. ஈரோடு கிளம்புகிறேன்.

சர்வேயர்_ஓய்வு | பகல் 12.41
நல்லது. இரண்டு நாள் கழித்து எம்பரிவாகன் என்கிற அரசு ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டு பாலிசி ஏறியிருக்கிறதா பாருங்கள். கதவு?

சர்வேயர்_ஓய்வு | 29 ஆகஸ்ட், மாலை 5.10
தம்பி, கதவு சரி பண்ணியாச்சா? சொந்தச் சேதம் எடுத்தீர்களா?

மஞ்சபோர்டு_பொள்ளாச்சி | மாலை 6.03
பழனி போயிருப்பார்.