குளிர்காலத்தில் மட்டும் தண்டவாளம் நெளிகிறது, என்ன செய்வது?

குட்டிரயில்: டொராண்டோவில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் மாடல் ரயிலுக்கு என் ஸ்கேல் லேஅவுட் போட்டிருக்கிறேன். (என்னுடைய ஸ்கேல் என்று வாசிக்காதீர்கள், அது ஆங்கில N. அசல் ரயிலில் 160-இல் ஒரு பங்கு, அதாவது 1:160, தண்டவாள அகலம் 9 மி.மீ.) சுவரோரமாக 5 மீட்டர் நீளம், கீழே பைன் சட்டம், மேலே எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த) பலகை, டிசிசி கன்ட்ரோல் (தண்டவாளக் கரண்ட் வழியாகவே எஞ்சினுக்கு டிஜிட்டல் கட்டளை போகும்). தண்டவாளம் பதித்தது ஆகஸ்டில். கரண்ட் எங்கும் விட்டுப்போகக் கூடாது என்று எல்லா இணைப்பையும் சால்டர் வைத்துவிட்டேன். தீபாவளி வரை வழுக்கிக்கொண்டு ஓடியது.

இப்போது ஜனவரி. நடுவில் ஓரிடத்தில் தண்டவாளம் அடியில் ஒட்டிய கார்க் பட்டையை விட்டு எழும்பிப் பாம்பு போல நெளிந்து கிடக்கிறது. அங்கே போனால் பெட்டிகள் கவிழ்கின்றன. ஹீட்டர் சூட்டில் உலோகம் விரிந்துவிட்டதோ என்று ஹீட்டரைக் குறைத்தேன். வீட்டில் திட்டு வாங்கியதுதான் மிச்சம்.

கரிப்புகை: ஹீட்டரை ஏற்றிவிடுங்கள் தம்பி, பாவம் அவர்கள். நிக்கல் சில்வர் தண்டவாளம்தானே? (பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பு, நிக்கல், துத்தநாகம்.) ஒரு டிகிரி மாறினால் மீட்டருக்கு 0.017 மி.மீ. அளவுக்குத்தான் நீளும். 5 மீட்டருக்கு 10 டிகிரி மாறினாலும் ஒரு மில்லிமீட்டர் வராது. இன்னொன்று, ஆகஸ்டைவிட இப்போது பேஸ்மென்ட் குளிர்ச்சிதானே? அப்படியானால் உலோகம் சுருங்கியிருக்க வேண்டும். நெளிவதற்கு வேலையே இல்லை. சுருங்கியது பலகை. அறையில் ஈரப்பதம் எவ்வளவு?

குட்டிரயில்: மீட்டர் இன்றுதான் வாங்கினேன் அண்ணா. 24 சதவீதம் காட்டுகிறது. ஆகஸ்டில் பார்க்கவில்லை. ஆனால் சுவரில் கை வைத்தால் பிசுபிசுக்கும்.

கரிப்புகை: அதேதான். ஈரத்தில் உப்பியிருந்த பலகைமேல் பதித்திருக்கிறீர்கள். ஹீட்டர் காற்றை உலர்த்தியதும் பலகை சில மில்லிமீட்டர் குறுகியது. தண்டவாளமோ ஒரே துண்டாகச் சால்டர் ஆகிவிட்டது, போக இடமில்லாமல் எழும்பிவிட்டது. வளைவுகளில் சால்டர் இருக்கட்டும், அங்கே அவசியம். நேர்ப்பாதையில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஓரிடத்தில் கட்டிங் டிஸ்க்கால் இரண்டு ரெயிலையும் வெட்டி விடுங்கள். தபால் அட்டை தடிமன் இடைவெளி போதும். பலகை முழுக்கச் சுருங்கியிருக்கும் நேரம் இது, கோடையில் இடைவெளி தானாகவே அகலும். இப்போதே அகலமாக வெட்டினால் ஜூலையில் சக்கரம் தடதடக்கும்.

மலைப்பாதை: பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெட்டுங்கள், அந்த டிஸ்க் உடைந்து தெறிக்கும். பலகையின் அடியிலும் ஓரங்களிலும் பெயின்ட் அடித்தால் ஈரம் ஏறி இறங்குவது மெதுவாகும். கோடையில் டீஹ்யூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை இழுக்கும் மெஷின்) போட்டு ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டாமல் பாருங்கள்.

குட்டிரயில்: நான்கு இடத்தில் வெட்டினேன். நெளிவு படிந்துவிட்டது! ஆனால் மூன்றாவது துண்டில் ஏறியதும் எஞ்சின் நின்றுவிடுகிறது.

கரிப்புகை: வெட்டிய இடத்தில் கரண்டும் போய்விடும் அல்லவா? முன்பு சால்டர் கொண்டுபோனதை இனி ஒயர்தான் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு ரெயிலிலிருந்தும் ஃபீடர் ஒயர் இறக்கி, அடியில் ஓடும் தடித்த பஸ் ஒயரில் சேருங்கள். சிவப்பு, கறுப்பு மாறினால் ஷார்ட். முடித்ததும் ஒரு கால் டாலர் காசை ஒவ்வொரு துண்டிலும் இரண்டு ரெயிலுக்கும் குறுக்கே வைத்துப் பாருங்கள். காசு ஷார்ட் ஆக்குவதால் பூஸ்டர் (தண்டவாளத்துக்குக் கரண்ட் தரும் பெட்டி) உடனே கட் ஆக வேண்டும். ஆகாத இடத்தில் ஒயர் போதவில்லை.

குட்டிரயில்: ஐந்து துண்டிலும் வைத்தேன், ஐந்திலும் கட் ஆனது. இப்போது எட்டுப் பெட்டியோடு சுற்றிக்கொண்டிருக்கிறது. காசு மகளுடையது, திருப்பிக் கேட்கிறாள்.