லாரி தண்ணி மாத்தினதும் கப்பி மீன் சாகுது, இதே தண்ணிய செடிக்கு ஊத்தலாமா?

மொட்டைமாடி_அல்லி:
வணக்கம் மக்களே, அவசரம். மாடில அல்லித் தொட்டில கொசுப்புழு வராம இருக்க கப்பி விட்டிருக்கேன். சம்ப் வத்திப்போய் லாரி தண்ணி வாங்கினோம், அதுல பாதி தொட்டி மாத்தினேன், சாயந்திரமே மீன் எல்லாம் மேல வந்து வாயத் திறந்து திறந்து மூடுது, காலைல பாதிக்கு மேல செத்து மிதக்குது. பிளீச்சிங் பவுடர் வாடை நல்லாவே அடிக்குது. அல்லி நல்லாத்தான் இருக்கு. மிச்ச மீனை எப்படி காப்பாத்துறது? இதே தண்ணியதான் தக்காளி, கீரைக்கும் ஊத்துறேன், கீரை பசங்க சாப்பிடுறது, பயமா இருக்கு.

கப்பி_பிரியன்:
அக்கா, குளோரின்தான். உடனே மீன் கடைல ஆன்டி குளோரின் வாங்கி பாட்டில்ல இருக்குற அளவுக்கு ஊத்துங்க, அது சோடியம் தயோசல்பேட், சில நிமிஷத்துலயே வேலை செய்யும். ஏர் பம்ப் இருந்தா ஓட விடுங்க. குளோரின் செவுளை அரிச்சிடும், அதான் தண்ணில ஆக்ஸிஜன் இருந்தும் மூச்சுக்கு மேல வருது. நாம குடிக்கிற தண்ணில லிட்டருக்கு குறைஞ்சது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கணும்னு இந்திய தரக்கட்டுப்பாடே சொல்லுது, மீனுக்கு 0.1 கூட ஆகாது. நமக்கு நல்ல தண்ணி அதுக்கு விஷம். இன்னொண்ணு, ஃபில்டர் ஸ்பாஞ்ச் இருந்தா அதை குழாய்த் தண்ணில அலசவே அலசாதீங்க, உள்ள மீன் கழிவைச் சுத்தம் பண்ற நல்ல பாக்டீரியா செத்து, கழிவுல வர்ற அம்மோனியா ஏறி தப்பிச்ச மீனும் போயிடும்.

மண்புழு_வீடு:
செடிக்கு பயப்படாதீங்க சகோ. சாதாரண குடிதண்ணி அளவு குளோரின் மேல்மண்ணுல இருக்குற மக்கு, இலைதழை மேல பட்டதுமே தீர்ந்துடும், வேர் வரைக்கும் பெருசா போகாது, கீரைக்குள்ள போய் தங்குறதும் இல்ல. இலை நுனி கருகினா நிறைய பேர் குளோரின்னு சொல்றாங்க, பெரும்பாலும் அது உப்புத் தண்ணியோட வேலை. உப்புல இருக்குற குளோரைடு வேற, குளோரின் வேற, குளோரைடு செடிக்கே கொஞ்சம் தேவைப்படுற சத்து. நான் கவனமா இருக்குறது ஜீவாமிர்தம் (சாணம், கோமியம் கலந்து புளிக்க வைக்கிற உரக்கரைசல்), அசோஸ்பைரில்லம் (தழைச்சத்து தர்ற பாக்டீரியா உரம்) கலக்கும்போது மட்டும்தான், நுண்ணுயிரைக் கொல்லத்தானே குளோரினே போடுறாங்க, அந்தத் தண்ணிலயே நுண்ணுயிர வளர்க்கப் பார்த்தா காசு வேஸ்ட்.

மொட்டைமாடி_அல்லி:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும்! மருந்து ஊத்தினேன், இருக்குற மீன் கீழ இறங்கி நீந்துது, வயித்துல பால வார்த்தீங்க. இனிமே தண்ணிய ஒரு நாள் பிடிச்சு வச்சு ஊத்தினா போதுமா? சின்டெக்ஸ்லயே இருந்தா போயிடாதா?

கப்பி_பிரியன்:
மூடின டேங்க்ல சீக்கிரம் போகாது அக்கா. வாயகன்ற டிரம்ல திறந்து வெயில்ல ஒரு நாள் வைங்க, அப்பப்போ கலக்கி விடுங்க. ஆனா குளோரமைனா (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) இருந்தா வச்சிருந்தாலும் லேசுல போகாது, வாடையும் கம்மியா இருக்கும், அதனால மூக்க நம்பாதீங்க. நீச்சல்குளத்துக்கு விக்கிற ஓடிஓ டெஸ்ட் கிட் ஒண்ணு வாங்கிக்கோங்க, சொட்டு விட்டா மஞ்சளாகும், எவ்வளவு அடர் மஞ்சளோ அவ்வளவு குளோரின், கலரே வரலன்னா மட்டும் தொட்டிக்கு எடுங்க. டெஸ்ட் பண்ண தண்ணிய தொட்டிலயோ செடிலயோ கொட்டாதீங்க, அந்த மருந்து நல்லதில்ல.