மதிப்புரைக் கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும் (மடலாடற்குழு இழை)

கோவை, திங்கள் இரவு

எல்லோருக்கும் வணக்கம். அவசரமாக ஒரு சொல் வேண்டும், உண்மையில் இரண்டு. முதலாண்டு மாணவர்களுக்கு நூல் மதிப்புரை எழுதச் சொல்லித்தரும் கையேடு, நான்கே பக்கம், வியாழன் காலை அச்சகத்துக்குப் போக வேண்டும். மூன்றாம் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன்.

இப்போது வருகிற கதைகளில் சினிமா வசனம், விளம்பர வாசகம், மீம், கிரிக்கெட் வர்ணனை எல்லாம் கலந்து வருகின்றன. எழுத்தாளர் மேற்கோள் குறி போடுவதில்லை, யாருடையது என்றும் சொல்வதில்லை. தெரிந்தவருக்குத் தெரியட்டும் என்று ஒரு கண்ஜாடை காட்டிவிட்டு மேலே போய்விடுகிறார். பிள்ளைகள் இதை ரெஃபரன்ஸ் என்கிறார்கள். 'மேடம், இந்த வரி வடிவேலு ரெஃபரன்ஸ்.' நூலகத்தில் ரெஃபரன்ஸ் பிரிவு, ஆய்வேட்டின் கடைசியில் ரெஃபரன்ஸ், வேலைக்கு மனுப் போட்டால் இரண்டு ரெஃபரன்ஸ், எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல்தான். அதுபோக, மதிப்புரை எழுதுகிறவர் 'இது இன்னாருடையது' என்று சொல்வதற்கு, அதாவது கிரெடிட் கொடுப்பதற்கு, இன்னொரு சொல் வேண்டும்.

ஏன் கேட்கிறேன் என்றால், போன பருவத்தில் ஒரு மாணவி எழுதிய மதிப்புரையில், கதைநாயகி 'அற்றைத் திங்கள்' என்று முணுமுணுக்கும் இடத்தை 1997இல் வந்த இருவர் படத்தின் ரெஃபரன்ஸ் என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அடித்து 'புறநானூறு 112, பாரி மகளிர்' என்று எழுதிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு உறுத்தியது. அந்த நாயகி பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவள், பேருந்தில் பாட்டுக் கேட்டபடி வேலைக்குப் போகிறவள். அவளுக்கு அது படப்பாட்டுத்தான். அவள் வாயில் பாரி மகளிரைக் கொண்டுபோய் வைத்தால் கதையைத் தப்பாகப் படித்தது நான்தான், இல்லையா? இந்த வேறுபாட்டைச் சொல்லித்தரத்தான் சொல் வேண்டும்.

திருவையாறு, செவ்வாய் அதிகாலை

அம்மா, சொல் இல்லாத இடத்தில் அல்லவா புதுச்சொல் கேட்க வேண்டும்? நன்னூலின் முப்பத்திரண்டு உத்திகளில் 'தான் எடுத்து மொழிதல்' ஒன்று. 'எடுத்துமொழி' என்று வையுங்கள், முடிந்தது. பழைய சூத்திரத்தை ஏன் அப்படியே எடுத்து வைக்க வேண்டும் என்பதற்கும் அங்கே ஒரு வெண்பா உண்டு, 'முன்னோர் மொழிபொருளே அன்றி அவர்மொழியும் பொன்னேபோல் போற்றுவம்' என்று. பொருளை மட்டும் எடுத்தால் போதாது, சொல்லையும் அப்படியே வைத்துக்கொள் என்கிறது. இதைவிடத் தெளிவாக யார் சொல்வார்?

உரியவரைச் சொல்வதற்கும் நம்மிடம் வழி உண்டு. மணிமேகலையில் சிறைசெய் காதையில் 'தெய்வம் தொழாஅள்' குறளை அப்படியே எடுத்து வைத்துவிட்டு 'என்ற அப் பொய்யில் புலவன் பொருளுரை தேறாய்' என்கிறார் சாத்தனார். வள்ளுவர் என்ற பெயர் வரவில்லை, ஆனால் யாருக்காவது ஐயம் வருமா? புறநானூறு 34இல் ஆலத்தூர் கிழார் 'செய்தி கொன்றோர்க்கு உய்தி இல்லென அறம் பாடின்றே' என்கிறாரே, அதுவும் குறளைத்தான்.

சென்னை, செவ்வாய் காலை

ஐயா, மணிமேகலை சரி. புறம் 34இல் வரும் 'அறம்' திருக்குறள் நூல்தான் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. குறளின் காலத்தைக் காட்ட ஒருசாரார் அதைச் சான்றாக வைப்பார்கள், மறுசாரார் பொதுவான அறநூல் மரபு என்பார்கள். அதைத் தொட்டால் இந்த இழை வியாழனுக்குள் முடியாது.

பெங்களூர், செவ்வாய் மதியம்

ஐயா கோபிக்க வேண்டாம். எடுத்துமொழி என்றால் பிள்ளைகள் மேற்கோள் என்றுதான் புரிந்துகொள்வார்கள். அக்கா கேட்பது வெளிப்படையாக எடுத்து வைப்பதற்கு இல்லை, சொல்லாமல் சொல்வதற்கு. சொல்லும் அவர் மடலிலேயே கிடக்கிறது, கண்ஜாடை. 'சாடை' என்று வைத்தால் என்ன? 'பையனுக்கு அப்பா சாடை' என்றால் முகம், 'சாடையாகச் சொன்னான்' என்றால் குறிப்பு. ரெஃபரன்ஸிலும் இந்த இரண்டும்தானே நடக்கிறது? அதன் முகமும் தெரிய வேண்டும், வாய் திறந்தும் சொல்லக்கூடாது.

உரியவரைச் சொல்லும் விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை. நான் மென்பொருள் தமிழாக்கக்காரன், மீம் பக்கம்தான் பாதி வாழ்க்கை. 2019 மே மாதம் நேசமணி, அதாவது ஃபிரெண்ட்ஸ் படத்தில் வடிவேலு நடித்த காண்ட்ராக்டர், உலகம் முழுக்க டிரெண்ட் ஆனாரே, நினைவிருக்கிறதா? சுத்தியல் படத்தைப் போட்டு 'உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர்' என்று யாரோ கேட்க, ஜமீன் மாளிகையில் இது தலையில் விழுந்துதான் காண்ட்ராக்டர் நேசமணிக்கு அடிபட்டது என்று நம்மாள் ஒருவர் பதில் போட, மீதி வரலாறு. இப்போது ஒரு நாவலில் 'தலையில் சுத்தியல் விழுந்த மாதிரி நின்றான், ஜமீன் மாளிகையே ஆடியது' என்று வந்தால் கிரெடிட் யாருக்கு? வடிவேலுவுக்கா? 2001இல் ஃபிரெண்ட்ஸ் படத்தை இயக்கிய சித்திக்குக்கா? அவரே அதற்கு முன் 1999இல் மலையாளத்தில் அதே பெயரில் எடுத்த படம்தான் மூலம், அங்கே அந்தக் காண்ட்ராக்டர் ஜகதி ஸ்ரீகுமார், பெயர் லாசர் எளையப்பன். இல்லை, மே மாதப் பதில் போட்டவருக்கா? நாவலாசிரியர் 2001ஐச் சொல்கிறாரா 2019ஐச் சொல்கிறாரா என்பதே வேறு வேறு வாசிப்பு. முதலாவது என்றால் சிரிப்பு, இரண்டாவது என்றால் ஊரே சேர்ந்து அடித்த கூத்து.

திருவையாறு, செவ்வாய் மாலை

தம்பி, ஜாடை தெலுங்குச் சொல். அங்கே ஜாட என்றால் தடம், சுவடு. கையேட்டில் தமிழ்த் துறையே வடுகச் சொல்லை ஏற்றுவதா? சாய் என்ற வேரிலிருந்து சாயல் வருகிறது, 'சாயல்' என்றே வையுங்கள். அதுவும் வேண்டாம் என்றால் 'உள்ளுறை', சொல்ல வந்ததை உள்ளே மறைத்துவைக்கும் உவமை. தொல்காப்பியமே கொடுத்த சொல்.

பெங்களூர், செவ்வாய் இரவு

தடம் என்று பொருள் என்றால் இன்னும் நல்லதாகப் போயிற்று ஐயா!

சென்னை, செவ்வாய் இரவு

'சாயல் மென்மை', அதாவது சாயலுக்கு மென்மை என்றுதான் பொருள் என்று உரியியலில் தொல்காப்பியர் சொன்னதை ஐயாவுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. உள்ளுறைக்கும் அவர் எல்லை கட்டியிருக்கிறார். தெய்வத்தை ஒழித்து மற்றக் கருப்பொருளை நிலமாகக் கொண்டு வருவது அது, மரமும் மீனும் எருமையும். காண்ட்ராக்டர் கருப்பொருளா? (மருதத்தில் சேர்க்கலாம் என்று யாராவது தொடங்கிவிடப் போகிறீர்கள்.) என் பங்குக்கு 'நிழற்சுட்டு'. பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது சொல்லுக்கு 'ஒப்புகை' என்று எழுத வந்தேன், தேர்தலில் வாக்குப் பதிந்ததும் வரும் சீட்டுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள், பிள்ளைகளுக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

பெயர் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உ.வே.சா. பட்ட பாட்டைக் கையேட்டில் போடுங்கள். சீவக சிந்தாமணியை 1887இல் அச்சிடுவதற்கு முன் நச்சினார்க்கினியர் உரையோடு அவர் மல்லுக்கு நின்றாரே. உரைகாரர் எங்கிருந்தோ ஒரு வரியை எடுத்து வைத்துவிட்டு 'என்றார் பிறரும்' என்று போய்விடுவார். அந்தப் பிறர் யார்? அவர் காலத்துப் படிப்பாளிக்கு அது சொல்லாமலே தெரிந்த வரி, நேசமணி மாதிரி. சில நூற்றாண்டு கழித்து வந்தவர் ஏடு ஏடாகத் தேட வேண்டியிருந்தது. இன்றைய மீம் சாடையும் ஐம்பது வருடத்தில் 'என்றார் பிறரும்' ஆகிவிடும். மதிப்புரையில் ஒரு வரி எழுதிவைத்தால் பின்னால் வரும் யாரோ ஒருவருக்கு மிச்சம்.

(பார்த்தீர்களா, எனக்கே கையில் சாடை என்று வந்துவிட்டது.)

யாழ்ப்பாணம், புதன் காலை

எங்கட பக்கம் 'சாடையான காய்ச்சல்' எண்டால் லேசான காய்ச்சல். 'சாடையா உப்புப் போடுங்கோ' எண்டும் சொல்லுவம். உங்கள் கையேடு இங்கே வந்தால், 'இந்நாவலில் வடிவேலு சாடை உண்டு' என்பதை வடிவேலு கொஞ்சம் இருக்கிறார் என்றுதான் வாசிப்பார்கள். அதுவும் பிழை இல்லைத்தான். ஆனால் சொல்லி வைக்கிறேன்.

பெங்களூர்த் தம்பி கேட்ட கேள்விக்கு, பெயர் தெரியாவிட்டால் என்ன செய்வது என்று சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் காட்டியிருக்கிறார்களே. 'செம்புலப் பெயனீர் போல' என்று எழுதியவரின் பெயர் கிடைக்கவில்லை, செம்புலப்பெயனீரார் ஆக்கிவிட்டார்கள். அணிலாடு முன்றிலாரும் தேய்புரிப் பழங்கயிற்றினாரும் அப்படித்தான். அந்தப் பதில் போட்டவரையும் சுத்தியலார் என்று எழுதிவிட்டுப் போகலாம்.

கோவை, புதன் இரவு

சுத்தியலாரைப் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன் அண்ணா.

எண்ணிப் பார்த்தேன். தனிமடல்களையும் சேர்த்துச் சாடைக்கு நான்கு, ரெஃபரன்ஸே இருக்கட்டும் என்பவர்கள் மூன்று, எடுத்துமொழிக்கு ஐயா ஒருவர், நிழற்சுட்டின் பக்கம் அதை முன்மொழிந்தவரே இப்போது இல்லை. நான்குக்கு மூன்று பெரிய வெற்றி இல்லை, ஆனாலும் விடிந்தால் அச்சகம். 'சாடை' என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் 'நீங்கள் ரெஃபரன்ஸ் என்பது' என்று சேர்த்திருக்கிறேன். கிரெடிட்டுக்குக் கலைச்சொல்லே வேண்டாம், 'உரியவரைச் சொல்லுங்கள்' என்றே எழுதிவிட்டேன்.

அதற்குக் கீழே மூன்று கேள்வி. இந்தச் சாடை யாருடையது? கதையில் அதைச் சொல்கிறவருக்கு அது எங்கிருந்து தெரியும்? சாடை புரியாத வாசகருக்கு அந்த இடத்தில் என்ன மிஞ்சுகிறது? இதில் ஒன்றுக்காவது பதில் இல்லாமல் வெறுமனே சாடைகளைப் பட்டியல் போட்டால் மதிப்பெண் கிடையாது என்றும் எழுதியிருக்கிறேன். போன பருவத்தில் பாதிப்பேர் அதைத்தான் செய்தார்கள், எட்டுப் படத்தின் பெயர் இருக்கும், நாவல் எப்படி என்று ஒரு வரி இருக்காது. அந்த மாணவியின் தாளில் அடித்த சிவப்பையும் திருத்திக் கொடுக்கிறேன்.

யாழ்ப்பாணம், புதன் இரவு

எனக்கு இதில் சாடையான சம்மதம்தான்.

திருவையாறு, வியாழன் அதிகாலை

அச்சுக்குப் போய்விட்டது என்பதால் எதிர்ப்பை மட்டும் பதிவு செய்கிறேன். 'மற்றொன்று விரித்தல்', 'சென்று தேய்ந்து இறுதல்' என்று நூற்குற்றங்களை நன்னூல் எண்ணியிருக்கிறது, இந்த இழை இரண்டையும் செய்து முடித்துவிட்டது, என்னையும் சேர்த்துத்தான். சாயலும் சாடையும் ஒரே வேரா என்பதை மூன்று பகுதியாக எழுதியிருக்கிறேன். முதல் பகுதி இன்று மாலை வரும்.