ஞாயிறு கம்பம் திராட்சைத் தோட்டம் பார்க்கப் போகிறோம், வழி சொல்லுங்கள்

நாங்கள் இருப்பது வண்டிப்பெரியாறு. துபாயிலிருந்து அக்காவும் மச்சானும் வந்திருக்கிறார்கள், அப்பா அம்மாவோடு ஐந்து பேர், காலையில் குமுளி வழியாக மலை இறங்கிப் போய்விட்டு ஆறு மணிக்குள் திரும்ப ஏற வேண்டும். தோட்டம்தான் அமையவில்லை.

போன மாதம் நான் மட்டும் பைக்கில் ஒரு நோட்டம் பார்க்கப் போனேன். கூடலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் அன்றுதான் மருந்து அடித்திருந்தார்கள், உள்ளே விடவில்லை, சரி என்று சுருளிப்பட்டிக்குப் போனால் அங்கே முந்தின நாளே வெட்டு முடிந்து பந்தலில் இலை மட்டும்தான். பன்னீர் திராட்சை வருஷம் முழுக்கக் கிடைக்கும், 2023-இல் புவிசார் குறியீடுகூட வாங்கியது, ஆனால் எந்தத் தோட்டத்தில் என்றைக்கு வெட்டு என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத்தானே தெரியும்? கம்பத்தில் ஒரு பழ வியாபாரி நம்பர் கொடுத்தார், அப்புறம் போனை எடுக்கவே இல்லை.

அப்பாவுக்கு முழங்கால் வலி, வரப்பில் அதிகம் நடக்க முடியாது. மச்சான் ஒயின் ருசி பார்க்கலாமா என்கிறார், அது கிடைக்காவிட்டால் போகட்டும். சாப்பாடு கட்டிக்கொண்டு வருகிறோம், முல்லைப் பெரியாற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம்.

சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கம் இந்த ஞாயிறு பழம் தொங்குகிற, ஆளை உள்ளே விடுகிற ரோட்டோரத் தோட்டம் எது?