புதுப்பிப்பு: மழையில் நின்றுபோகும் என் பழைய பைக்

மழை பிடித்தால் பைக் மிஸ்ஸிங் அடித்து நின்றுவிடுகிறது, காய்ந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேன் அல்லவா? ஆள் அகப்பட்டுவிட்டான்.

பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் ‘இக்னிஷன் காயில்’தான் காரணம் என்று முடிவுகட்டி புதிதாக ஒன்று வாங்கியும் விட்டேன், அவசரக்குடுக்கை! நல்லவேளை, மாட்டும் முன் இருட்டில் இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, காயிலிலிருந்து ஸ்பார்க் பிளக்குக்குப் போகும் வயர் நெடுக ஸ்ப்ரே பாட்டிலால் தண்ணீர் அடித்துப் பார்த்தேன். பிளக்கின் தலையில் மாட்டும் மூடியான பிளக் கேப்பிலிருந்து சிலிண்டர் ஹெட்டுக்கு நீலப் பொறி ஒன்று ‘டிக் டிக்’ என்று தாவியது. கேப்பில் மயிரிழை விரிசல், அதற்குள் கரிக்கோடு. ஈரம் பட்டால் மின்சாரம் பிளக் முனைக்குப் போகாமல் அந்த வழியாகவே இறங்கிவிடுகிறது.

கேப்பைத் திருகிக் கழற்றினால், வயர் நுனியில் பச்சை பூத்திருந்தது. 6 மி.மீ. வெட்டி, பளிச்சென்று செம்பு தெரிந்ததும் பழையதைப்போலவே 5 கிலோ ஓம் மின்தடையுள்ள கேப் ஒன்றைத் திருகினேன். ரப்பருக்குள் கொஞ்சம் சிலிகான் கிரீஸ். ஓடும்போது மட்டும் வயரைத் தொடாதீர்கள். தொட்டேன், முழங்கை வரை உதறியது.

கார்புரேட்டரில் தண்ணீர் என்றவர்களுக்கு: அதன் அடியில் பெட்ரோல் தேங்கும் பவுலை வடித்துப் பார்த்தேன், பெட்ரோல் சுத்தம்.

நேற்று கொட்டும் மழையில் ஒரு மணி நேரம் ஓட்டினேன். நான்தான் நடுங்கினேன், பைக் இல்லை. புதுக் காயில் இன்னும் பெட்டியிலேயே கிடக்கிறது.