கடற்கரை நடைக்கு எந்தக் கத்தி: கார்பனா, ஸ்டெயின்லெஸ்ஸா?

வாலிநோக்கம்_தம்பி: நாலு பேரு சேந்து வாலிநோக்கத்துல இருந்து கரையோரமாவே நடந்து, வழியில சமைச்சுச் சாப்பிட்டுப் போகப்போறோம். கத்தி ஒண்ணே ஒண்ணுதான். 1095 கார்பன் ஸ்டீல், அஞ்சு மில்லி கனம், பாத்து வச்சிருக்கேன். வீடியோவுல அதை விறகு மேல வச்சுக் கட்டையால அடிச்சுப் பிளக்குறாங்க. வாங்கலாமா அண்ணே?

உப்புக்காத்து: வேணாம் தம்பி. துருவைத் தாங்கணும்னா இரும்புல 10.5 சதவீதமாவது குரோமியம் வேணும். 1095-ல அது கிடையாது. நம்ம கரையில ஒரு ராத்திரி வெளிய கிடந்தாப் போதும், விடிஞ்சா செம்மண் பூசுன மாதிரி இருக்கும். 12சி27 ஸ்டெயின்லெஸ்ல ரெண்டரை மில்லி வாங்கு.

பட்டறைக்காரர்: ரெண்டரை மில்லியா! அதை வச்சுச் சீமைக்கருவேலத்துல நெம்பிப் பாருங்க, முனை தெறிச்சுப் போகும். திருப்பாச்சேத்தியில லாரி ஸ்பிரிங் பட்டாவுல அடிச்ச அருவா ஒண்ணு போதும் தம்பி. தேங்காயெண்ணெய் தடவி வச்சா என்ன துரு வந்துரும்? எங்க அய்யா அருவா இன்னும் வேலை செய்யுது.

உப்புக்காத்து: உங்க அய்யா அருவா எறவாணத்துல காஞ்சுகிட்டு இருக்கு. இவங்க கத்தி நனைஞ்ச பைக்குள்ள கிடக்கும். இந்தக் கரையில பிளக்குறதுக்கு என்ன விறகு இருக்கு? பனமட்டையும் கருவேலச் சுள்ளியும் கையாலயே ஒடியும்.

பட்டறைக்காரர்: ஸ்டெயின்லெஸ்ல தீப்பொறி வராதே?

உப்புக்காத்து: சிக்கிமுக்கிக் கல்லுன்னா நீங்க சொல்றது சரி. இப்ப எல்லாரும் கொண்டுபோறது பெரோ ராடு, கத்தி முதுகால சொரண்டுனா பொறி பறக்குற கம்பி. பொறி அந்தக் கம்பியில இருந்து வருது, கத்தியில இருந்து இல்ல. கத்தி முதுகு சதுர விளிம்பா இருக்கணும், அவ்வளவுதான்.

மண்டபம்_படகு: ரெண்டு பேரும் விறகையே பேசுறீங்க. கடலோரத்துல கத்திக்கு மொத வேலை கயிறு. காலுலயோ புரொபல்லர்லயோ நைலான் சிக்கிக்கிட்டா உடனே அறுக்கணும். அதுக்கு வாயில பாதியாவது பல்லு வச்ச கத்திதான் சீக்கிரம் அறுக்கும்.

தம்பி, கடையில பேப்பரை வெட்டிக் காட்டுவாங்க, மயங்காத. சாணை நல்லாயிருந்தா தகரம்கூடப் பேப்பரை வெட்டும். பழைய நைலான் கயிறை நனைச்சுத் துண்டு துண்டா அறு, கை ஓயுற வரைக்கும். அப்புறம் தக்காளியை அமுக்காம வெட்டிப் பாரு. தோல்ல வழுக்குனா வாய் மழுங்கிருச்சு. பொறவு கடல்தண்ணியில முக்குன துணியைச் சுத்தி ராத்திரி பூரா வச்சுடு. காலையில வாயை மட்டும் பாக்காத, பிடி சேருற இடத்தையும் ஆணி அடிச்ச இடத்தையும் பாரு. உப்பு அங்கதான் போய் உக்காரும். ஸ்டெயின்லெஸ்லயும் பொடிப்பொடியாக் குழி விழும், அதனால நல்ல தண்ணியில கழுவாம உறையில போடக்கூடாது. தோல் உறை வேண்டவே வேணாம், ஈரத்தை விடாது. அடியில ஓட்டை வச்ச பிளாஸ்டிக் உறை எடு.

பட்டறைக்காரர்: அரத்தை விட்டுட்டீங்களே. வாய் ஓரமா அரத்தை மெல்ல வச்சு இழுத்தா வழுக்கணும். கடிச்சுதுன்னா பதம் ஏறாத பச்சை இரும்பு. பிடிக்குள்ள இரும்பு கடைசி வரைக்கும் ஓடுதான்னும் பாக்கணும்.

உப்புக்காத்து: அரத்தோட கடைக்குள்ள போனா கடைக்காரர் சும்மா விடுவாரா? அது கிடக்கட்டும். தம்பி, அருவா எடுத்தா இன்னொண்ணு இருக்கு. 9 அங்குலத்துக்கு மேல நீளமோ 2 அங்குலத்துக்கு மேல அகலமோ இருந்தா ஆயுதச் சட்டத்துக்குள்ள வரும்.

பட்டறைக்காரர்: வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செஞ்சதுக்கு விலக்கு இருக்குல்ல!

உப்புக்காத்து: இருக்கு. ராத்திரி பதினோரு மணிக்குச் செக்போஸ்ட்ல நின்னு, கடற்கரையில என்ன விவசாயம்னு நீங்களே விளக்குங்க.

வாலிநோக்கம்_தம்பி: ஸ்டெயின்லெஸ்ஸே எடுத்துடுறேன் அண்ணே. மண்டபம் காக்கா சொன்ன கயிறு சோதனையை மொட்டைமாடியில செஞ்சு பாக்குறேன். எளநி வெட்ட என்ன பண்றது?

பட்டறைக்காரர்: இப்ப வந்தியா வழிக்கு.

மண்டபம்_படகு: எளநி விக்கிறவரையே வெட்டித் தரச் சொல்லு. தீவுப் பக்கம் மட்டும் போயிடாதீங்க, மன்னார் வளைகுடாவுல இருக்குற 21 தீவுமே தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாம கால் வச்சா கத்தியைப் பத்திக் கேக்குறதுக்கு முன்னாடி வேற கேள்வி கேப்பாங்க.