கேப் வெடிக்குது, துப்பாக்கி வெடிக்கல: இதுக்குத் தமிழ்ல என்னங்க சொல்றது?

எல்லாருக்கும் வணக்கம். ஒரு அவசரம். பழைய காலத்து கேப் போட்டுச் சுடுற கைத்துப்பாக்கி ஒன்னு சுடவே மாட்டேங்குது, அத எப்படி சரி பண்றதுன்னு ஒரு வெளிநாட்டுக்காரர் நாப்பது நிமிஷம் பேசுற வீடியோவுக்கு சப்டைட்டில் போட்டுட்டு இருக்கேன், திங்கக்கெழம காலைல குடுக்கணும். அவர் மூச்சுக்கு மூச்சு மிஸ்ஃபயர்ங்கறார், அதாவது சுட்டும் வெடி வராம போறது. நான் 'தவறிய வெடி'ன்னு போட்டேன். வீட்டுக்காரர் படிச்சுட்டு "அய்யோ, தவறி வெடிச்சிருச்சா, யாருக்காச்சும் அடியா?"ன்னு கேக்கறார். அர்த்தமே தலைகீழா போயிடுச்சு.

இன்னொரு சங்கடம். கேப் மாட்டுற அந்தச் சின்ன இரும்பு முனைக்கு இங்கிலீஷ்ல நிப்பிள்னு பேரு. அகராதிய நம்பி நேரா போட்டேன்னா மாமியார் பக்கத்துல உக்காந்து பாக்க முடியாது. ரெண்டு வரிக்குள்ள அடங்குற மாதிரி சொல்லுங்க, புண்ணியமா போகும்.
— அஸ்தம்பட்டி

அன்புள்ள அம்மா, சொல் நம்ம கிட்டயே இருக்கு. பொய்த்தல். மழை பொய்த்துப் போச்சுன்னு இன்னைக்கும் ஊர்ல சொல்றோமே, வரவேண்டியது வராம போறதுதான் பொய்ப்பு. வெடி வரவேண்டிய எடத்துல வரலன்னா 'வெடிபொய்ப்பு'. வான்சிறப்புல 13ஆவது குறள்ல 'விண்இன்று பொய்ப்பின்'னு வள்ளுவரே சொல்றார். அதுக்கு முந்தின 12ஆவது குறளப் பாருங்க, 'துப்பாய துப்பாக்கி'. துப்புன்னா வலிமை, வலிமைய ஆக்குறது துப்பாக்கி. ஒரு குறள்ல துப்பாக்கி, அடுத்த குறள்ல பொய்ப்பு! இதுக்கு மேல என்ன சான்று வேணும்?
— ஓமலூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியன்

ஐயா, மன்னிக்கணும், மழைய பத்தின குறள்ல துப்பாக்கி எப்படிங்க வரும்? அங்க துப்புன்னா சாப்பாடு, உண்ணுறவங்களுக்கு உணவ ஆக்கின்னு அர்த்தம். நாம கையில புடிக்கிற துப்பாக்கி துருக்கிப் பக்கத்துல தூஃபெக்னு கெளம்பி தெலுங்குல துபாகி ஆகி நம்ம ஊருக்கு வந்தது. ஒவ்வொரு தடவையும் இந்தக் குறள இழுக்கறீங்க, போன மாசம் பிரிண்டருக்கு சொல் தேடுனப்பவும் இழுத்தீங்க.

நிப்பிளுக்கு ஒன்னும் தேட வேணாம். எங்க சைக்கிள் கடைல ஸ்போக் கம்பி முனைல திருகுறதுக்கு நாலு தலைமொறையா நிப்பிள்னுதான் சொல்றோம், பொம்பளப் புள்ளைங்களும் வந்து கேட்டு வாங்கிட்டுப் போகுதுங்க, ஒருத்தரும் மொகம் சுளிச்சதில்ல.
— செவ்வாய்ப்பேட்டை

கண்ணு, நான் கொஞ்சம் மலைல இருந்து பேசறேன். எங்க தாத்தாவுக்கு லைசென்ஸோட ஒத்தக்குழல் நாட்டுத் துப்பாக்கி இருந்துச்சு, காப்பிக்காட்டுக்குக் காட்டுப்பன்னி வருமேன்னு. மருந்து போட்டு, துணி வச்சு, கெஜக்கோல்ல கெட்டிச்சு, கடைசியாத்தான் கேப்பு வைப்பார். கேப்புங்கறது செம்புத் தகட்டுல ஒரு தொப்பி, மிளகு அளவுதான் இருக்கும். குதிரைங்கற சுத்தி மாதிரி பாகம் வந்து அது தலைல அடிச்சா உள்ள ஒட்டியிருக்கற மருந்து படக்குனு பத்தி, அந்த நெருப்பு துளை வழியா எறங்கி உள்ள இருக்கற கருமருந்தப் பத்தவைக்கும். நீங்க ஒரு சொல்லுன்னு தேடறீங்க, ஆனா நடக்கறது ரெண்டு கோளாறு. குதிரை அடிச்சும் கேப்பே வெடிக்காம கெடக்கறது ஒன்னு. கேப்பு 'டப்'புனு வெடிச்சும் உள்ள மருந்து பத்தாம கெடக்கறது இன்னொன்னு. வைத்தியம் வேற வேற.

மொதல் கோளாறுன்னா கேப்பு சரியா அழுந்தி உக்காரல. மொத அடி அத உள்ள தள்ளி உக்கார வைக்கும், ரெண்டாவது அடிலதான் வெடிக்கும். 10ஆம் நம்பரு முனைக்கு 11 போட்டாலும் லூஸா நிக்கும். இல்ல ஸ்பிரிங்கு தளந்து போயிருக்கும். ரெண்டாவது கோளாறுன்னா துளைல எண்ணெயோ கரியோ அடைச்சிருக்கு. தாத்தா தொடச்சு எண்ணெய் போட்டு வச்சா, அடுத்த தடவ மருந்து போடறதுக்கு முன்னாடி வெறும் கேப்பு ரெண்டு அடிப்பார், குழல் வாய ஒரு புல்லு நுனிகிட்ட வச்சுட்டு. புல்லு ஆடுச்சுன்னா துளை தொறந்திருக்கு. ஆடலன்னா சுருக்கூசி வாங்கிட்டு வான்னு என்னைத்தான் அனுப்புவார்.

இந்தக் குளிருல, மேகம் வீட்டுக்குள்ள வர்ற ஊருல, மருந்து ஈரம் இழுத்துக்கும். அப்ப நாங்க சொல்றது 'நமுத்துப் போச்சு'.
— ஏற்காடு

அண்ணே, புல்லு விஷயம் வீடியோலயும் இருக்கு! அப்படியே அதே! எனக்கு இவ்ளோ நேரம் அது ஏன்னே புரியாம 'புல்லைக் கவனிக்கவும்'னு போட்டு வச்சிருந்தேன். அவர் இன்னொன்னும் சொல்றார், குதிரை அடிச்சு ஒன்னும் நடக்கலன்னா ஒடனே திருப்பிப் பாக்கக்கூடாது, குழல் வாய் இலக்கப் பாத்தபடியே ஒரு நிமிஷமாவது புடிச்சுட்டு நிக்கணும், உள்ள கங்கு இருந்து தாமதமா வெடிக்கலாம்னு. அதுக்கும் ஒரு சொல் வேணும். இதுதான் ஆபத்தானது, இத தெளிவா சொல்லணும்.
— அஸ்தம்பட்டி

தீபாவளிக்கு எங்க தெருவுல திரி அணைஞ்ச மாதிரி இருக்கற அணுகுண்ட 'தூங்குது, கிட்ட போகாத'ம்பாங்க. 'தூங்குவெடி'ன்னு வச்சுக்கோங்க. மத்ததுக்கு எல்லாம் மிஸ்ஸிங்தான், வண்டி மிஸ்ஸிங் அடிக்குதுன்னா எங்க குகை ஏரியால இருக்கற எந்த மெக்கானிக்குக்கும் புரியும், பொய்ப்புன்னா எந்த மெக்கானிக்கு சிரிக்காம இருப்பான்?
— குகை

தூங்குவெடி நல்லாருக்கு, என் ஓட்டு அதுக்கு.
— வாழப்பாடி

மெக்கானிக் சிரிப்பானேன்னு பாத்தா பேருந்து வந்திருக்குமா? 1916ல இதே சேலத்துல வக்கீல் தொழில் பண்ணிட்டிருந்த ராஜாஜி அறிவியல் சொற்களுக்குன்னே ஒரு சங்கம் ஆரம்பிச்சார். வேதியியலுக்கும் வானவியலுக்கும் தமிழ்ல சொல் கண்டுபிடிக்கணும்னு அன்னைக்கே இந்த ஊர்ல உக்காந்து யோசிச்சிருக்காங்க. நாம மிஸ்ஸிங்ல போய் நிக்கறோம். நமுத்தல் ஈரத்துக்கு மட்டும் சரி, எண்ணெய் அடைச்சா நமுத்தலா? பொய்த்தல் எல்லாத்துக்கும் பொருந்தும். முனைக்குக் 'காம்பு' போதும், பூவுக்கும் காம்பு வெத்தலைக்கும் காம்பு, எந்த மாமியாரும் கோச்சுக்க மாட்டாங்க.
— ஓமலூர்

காம்பு ஏத்துக்கறேன். ஆனா ஐயா, அந்தக் காலத்து ஆளுங்க போட்ட வடசொல்லுல பாதிய நீங்களே இப்ப ஏத்துக்க மாட்டீங்களே. ஏற்காடு ரோட்டுல 20 கொண்டை ஊசி வளைவு இருக்கு, அது இங்கிலீஷ அப்படியே தமிழாக்குனது, எந்தக் குறள்லயும் இல்ல, ஆனா பஸ்ஸுல வாந்தி எடுக்கற கொழந்தைக்குக்கூட தெரியும். பொய்வெடின்னா ஜனம் சும்மா சத்தத்துக்குப் போடற வேட்டுன்னு நெனைக்கும்.
— செவ்வாய்ப்பேட்டை

நான் 'பொய்வெடி' சொல்லவே இல்ல, 'வெடிபொய்ப்பு'. முன்பின் மாறுனா பொருள் மாறும், இது கூடவா தெரியாது.
— ஓமலூர்

இன்னொரு சேதி. இந்தக் கேப்பு வந்ததே பறவையாலதான். அதுக்கு முந்தி சக்கிமுக்கிக் கல்லுத் துப்பாக்கி, வெளிய கிண்ணத்துல மருந்து பளிச்சுனு எரியறதப் பாத்தே வாத்து பறந்துரும். ஸ்காட்லாந்துல ஃபோர்சைத்னு ஒரு பாதிரியார் கடுப்பாகி அடிச்சா வெடிக்கற மருந்தத் துப்பாக்கிக்குக் கொண்டு வந்தார், 1807ல பேட்டன்ட். அந்தக் கல்லுத் துப்பாக்கிலயும் கிண்ணம் எரிஞ்சு உள்ள பத்தாம போறது உண்டு, ஆகமொத்தம் கோளாறு பழசு. பழைய அகராதிகள்ல அந்தப் பத்தவைக்கற வாய்க்கு 'பற்றுவாய்'னு அழகா ஒரு சொல் இருக்கு. பற்றுவாய் அடைப்புன்னு போடலாமே?
— ஆத்தூர்

நல்ல சொல்லுங்க, ஆனா இப்ப யாரு சொல்றாங்க? எங்க தாத்தா 'ஓட்ட'ம்பார்.
— ஏற்காடு

ஞாயித்துக்கெழம ராத்திரி பத்தே முக்கால். முடிச்சு அனுப்பிட்டேன். காம்பு, பற்றுவாய், தூங்குவெடி மூணும் போட்டுட்டேன், முதல் தடவ வர்ற எடத்துல மட்டும் சின்ன விளக்கம் குடுத்து. மிஸ்ஃபயருக்கு ஒரே சொல் வேணாம்னு விட்டுட்டேன், ஏற்காட்டு அண்ணன் சொன்ன மாதிரி 'கேப் வெடிக்கல'ன்னு ஒரு எடத்துல, 'கேப் வெடிச்சும் மருந்து பத்தல'ன்னு இன்னொரு எடத்துல. ரெண்டும் வரிக்குள்ள அடங்குது. தலைப்புல மட்டும், ஐயா, உங்களுக்காக 'சுடாமல் பொய்க்கும் துப்பாக்கி'ன்னு வச்சிருக்கேன். மாமியார் பாத்துட்டு யார் ஜாதகம்னு கேட்டாங்க.
— அஸ்தம்பட்டி

தலைப்புல வந்ததுக்கு மகிழ்ச்சி அம்மா. உள்ள வராதது வருத்தம். வெடிபொய்ப்புங்கற என் பரிந்துரை நிலுவைல இருக்குன்னு பதிவு பண்ணிக்கறேன். துப்பாக்கி பத்தி விரிவா நாளைக்கு எழுதறேன்.
— ஓமலூர்

எழுதுங்க ஐயா. ஆனா 12ஆவது குறள் இல்லாம.
— செவ்வாய்ப்பேட்டை